யாரும் கூப்பிடாத மூலை

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் வேலை நடக்குமா, நடக்காதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய இரண்டு பரிசோதனைகள் நேரெதிரான முடிவைச் சொல்கின்றன. முதலாவது சீனாவில் நடந்தது. ஷாங்காயைச் சேர்ந்த சீட்ரிப் என்ற பயண நிறுவனம் தன் கால்சென்டர் ஊழியர்களிடம் விருப்பம் கேட்டது. முன்வந்தவர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்களை வீட்டுக்கு அனுப்பி, மற்றவர்களை ஆபீசிலேயே வைத்துக்கொண்டது. 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம் இது நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கலஸ் ப்ளூம் குழுவினர் கணக்குப் பார்த்தபோது, வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. இரண்டாவது பரிசோதனை நம்முடைய சென்னையில் நடந்தது. டேவிட் அட்கின், ஆன்ட்வானெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூவர் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, யார் வீட்டில், யார் ஆபீசில் என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்தார்கள். 2023இல் வந்த அவர்களுடைய ஆய்வறிக்கைப்படி, வீட்டில் உட்கார்ந்தவர்கள் 18 சதவீதம் பின்தங்கியிருந்தார்கள்.

வேலை வேறு, ஊர் வேறு. இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாதுதான். ஆனால் சீன ஆய்வின் நிபந்தனைகளைப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வீட்டிலிருந்து வேலை பார்க்க விரும்புகிறவருக்கு அங்கே பிராட்பேண்ட் இருக்க வேண்டும். கூடவே, வேலை பார்க்கத் தனி அறையும் இருக்க வேண்டும். அது இல்லாதவர் ஆட்டத்திலேயே சேர்க்கப்படவில்லை. 13 சதவீதம் என்ற எண் உலகமெல்லாம் சுற்றிவந்தது; தனி அறை என்ற நிபந்தனை அதோடு கூட வரவில்லை. சென்னை ஆய்வில் இன்னொரு வேதனையான கணக்கு இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்க விரும்பியவர்கள் தொடக்கத் தேர்வில் மற்றவர்களைவிட 12 சதவீதம் கெட்டிக்காரர்கள். அவர்களே வீட்டில் உட்கார்ந்தபோது 27 சதவீதம் சரிந்தார்கள். ஆபீசை விரும்பியவர்களுக்குச் சரிவு 13 சதவீதம்தான். வீட்டை விரும்பியவர்களில், குழந்தையையோ பெரியவர்களையோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் வசதி குறைந்தவர்களும் இருந்தது இதற்கு ஒரு பகுதிக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எந்தப் பொறுப்பு அவர்களை வீட்டிலிருந்து பார்க்கும் வேலையைக் கேட்க வைத்ததோ, அதே பொறுப்பு வேலை நேரத்தில் வந்து கையைப் பிடித்து இழுத்திருக்கிறது.

எல்லாப் பழியையும் வீட்டின் மேல் போடுவதும் நியாயமில்லை. கோவிட் காலத்தில் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தின் 10,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்த கிப்ஸ், மெங்கல், சீம்ரோத் குழு, வேலை நேரம் கூடி, ஒரு மணி நேரத்துக்கான உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை குறைந்ததாகக் கண்டது. கூடிய நேரத்தில் ஒரு பங்கை மீட்டிங்குகள் தின்றிருந்தன. மேலாளர் அரை மணிக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டே இருந்தால் எத்தனை நல்ல நாற்காலி வாங்கியும் பயனில்லை.

ஆகவே வீட்டில் ஆபீஸ் அமைப்பதில் முதல் கேள்வி, 'எதை வாங்குவது' என்பதாக இருக்க முடியாது. இந்த வீட்டில் எந்த மூலை, எந்த நேரத்தில், யாருக்குச் சொந்தம் என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கேள்வியை நம் ஊர் ஏற்கெனவே பலமுறை தீர்த்திருக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் கூடத்தின் பெரும்பகுதியைத் தறிதான் எடுத்துக்கொள்ளும். குடும்பம் தறியைச் சுற்றித்தான் வாழும். குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கிறார். அந்த உடம்புக்கும் அந்த வேலைக்கும் ஏற்ற உயரத்தில் வெட்டப்பட்ட இருக்கை அது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகள் இன்னும் சுவாரசியமானவை. நீண்ட கூடம் ஒன்றில் பல வட்டிக்கடைகள் சேர்ந்து இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு பாய், முன்னால் குட்டையான சாய்வுப் பெட்டி, பின்னால் ஒரு அலமாரி, அவ்வளவுதான். பகலில் அங்கேயே கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை. பெட்டியடியில் உட்கார்ந்தவரை வேறு வேலைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சுவர் இல்லாமலே அது தனி அறையாக இருந்தது. நம் ஊரில் வக்கீல் வீட்டின் முன்னறையும் அப்படித்தான். கட்சிக்காரர் இருக்கிறாரோ இல்லையோ, 'அப்பா ஆபீஸ் ரூம்ல இருக்கார்' என்றால் பிள்ளைகள் சத்தம் போடமாட்டார்கள்.

இவற்றிலெல்லாம் உட்கார்ந்தவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவர், ஆண். இன்று லேப்டாப்போடு உட்கார்வது மருமகளாகவோ, சொந்த ஊருக்குத் திரும்பிய மகளாகவோ இருக்கலாம். அவருக்கு அந்த மரியாதை தானாகக் கிடைப்பதில்லை. 'சும்மாதானேம்மா உக்காந்திருக்க, கேஸ்காரன் வந்தா சிலிண்டர வாங்கி வை' என்று மாமியார் சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உட்கார்ந்து திரையைப் பார்ப்பது அவர் கண்ணுக்கு வேலையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும், ஆண்களில் ஈடுபடுவோர் 97 நிமிடம் செலவிடுவதாகவும் தெரிந்தது. இந்த 299 நிமிடத்தை ஆபீஸ் நாற்காலி குறைக்காது. யார் எப்போது எழுந்து போய்க் கதவைத் திறப்பது என்பதை வீட்டில் பேசி முடிவுசெய்தால்தான் குறையும். பேசுவதற்குக் கூச்சமாக இருந்தால் மூலையே கொஞ்சம் பேசும். கட்டிலில் சாய்ந்து வேலை செய்பவரை ஓய்வில் இருப்பதாக நினைக்கிறார்கள். மேசை, விளக்கு, ஹெட்செட் என்று உட்கார்ந்தவரிடம் கேட்பதற்கு முன் ஒரு நொடியாவது தயங்குகிறார்கள்.

அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்பவர்களின் கதை வேறு. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. வீடு சீரியல் பார்க்கும் நேரத்தில் ஆபீஸ் திறக்கிறது, வீடு தூங்கும் நேரத்தில் மும்முரமாகிறது. இவர்களுக்குக் கூடம் உதவாது. சமையலறை ஓரமோ, பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்த இடமோ பரவாயில்லை. பகலில் தூங்குவதற்கு ஒரு இருட்டறை கிடைப்பது அதைவிட முக்கியம்.

இனி உடம்பு. கடையில் கிடைக்கும் மேசைகள், சாப்பாட்டு மேசை உட்பட, ஏறத்தாழ 75 செ.மீ. உயரம். இந்தியப் பெண்களின் சராசரி உயரமோ சுமார் 152 செ.மீ., ஆண்களுக்கு 165 செ.மீ. அளவில். சராசரி உயரமுள்ள ஒரு பெண் கால் தரையில் படிய உட்கார்ந்தால் அவருடைய முழங்கை தரையிலிருந்து 60 செ.மீ. சொச்சத்தில் நிற்கும். விசைப்பலகை இருக்க வேண்டிய உயரமும் அதுதான். 75 செ.மீ. மேசையில் தட்டச்சு செய்ய அவர் தோளைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் பிடரியும் தோள்பட்டையும் வலிப்பதற்கு இதுதான் காரணம்; நாமோ கம்ப்யூட்டரைப் பழிக்கிறோம். நாற்காலியில் தலையணை போட்டு ஏறி உட்கார்ந்தால் தோள் இறங்கும், ஆனால் கால் அந்தரத்தில் தொங்கி, தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போகும். காலுக்கு ஏதாவது முட்டுக் கொடுத்தாக வேண்டும். நிறுத்தி வைத்த இரண்டு செங்கல்மேல் ஒரு பலகை போதும். வீட்டில் பழைய மணைகள் இருந்தால் இரண்டை அடுக்கிப் பார்க்கலாம்.

இதைவிட நேரடியான வழி ஒன்று உண்டு, ஆனால் யாரும் செய்வதில்லை. பழைய மர மேசை இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு நான்கு காலிலும் நாலு அங்குலம் அறுக்கச் சொல்லுங்கள். அரை மணி வேலை. மேசை 65 செ.மீ.க்கு வந்துவிடும். ஏற்றி இறக்கும் வசதியுள்ள மேசைக்குப் பல ஆயிரம் கொடுப்பவர்கள்கூட, தாத்தா காலத்து மேசையின் காலை அறுக்க மனசு வராமல் அதை மூலையில் நிறுத்தித் துணி மடித்து வைக்கிறார்கள்.

லேப்டாப்பின் வடிவத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால், கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்குச் சரியாக வைத்தால் கை தூக்கும். நாள் முழுக்க வேலை செய்பவர் இரண்டையும் பிரித்தாக வேண்டும். நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் லேப்டாப், தனி விசைப்பலகை, தனி மவுஸ். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், தூரம் கை நீட்டினால் தொடும் அளவு. இதற்கு ஆகும் செலவு ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் பரிந்துரையிலும் செலவுக்கு மேல் பலன் தருவது இதுதான் என்பேன்.

நாற்காலி பற்றி ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது: தொண்ணூறு டிகிரியில் விறைப்பாக நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று. 2006இல் ஸ்காட்லாந்தில் 22 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று, பின்னால் சாய்ந்து 135 டிகிரியில் இருக்கும்போது முதுகெலும்பு வட்டுகளுக்குச் சிரமம் குறைவு என்றது. சிறிய ஆய்வுதான், ஆனால் நம் வீட்டு ஈசிசேரில் சாய்ந்து தினமணி படித்த தாத்தாக்களுக்கு அது சாதகமான தீர்ப்பு. ஈசிசேரில் தட்டச்சு செய்ய முடியாது. போன் பேசலாம், நீண்ட அறிக்கையைப் படிக்கலாம். ஒரே நிலையில் அசையாமல் கிடப்பதைத்தான் முதுகு மன்னிப்பதில்லை. மணிக்கணக்கில் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்வதும் அப்படித்தான். முழங்கால் நன்றாக இருப்பவர் ஒரு மணி நேரம் குட்டை மேசை முன் உட்காரலாம், பிறகு எழுந்துவிட வேண்டும். நாற்காலி வாங்குவதென்றால் ரெக்சின் வேண்டாம். நம் வெயிலில் சட்டை முதுகில் ஒட்டும். வலைப்பின்னல் முதுகு நல்லது. நல்ல பழைய பிரம்பு நாற்காலி அதற்கு இளைத்ததல்ல. மோல்டட் பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும்; திண்ணையில் காற்று வாங்கத் தோது, தட்டச்சுக்கு முதல் எதிரி.

கண்ணுக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் உள்ளதை இருபது நொடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். 400 சதுர அடி அடுக்குமாடி வீட்டில் இருபது அடிக்கு எங்கே போவது? அதனால்தான் ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும் என்கிறேன். ஆனால் ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரில் இருந்தால் வெளிச்சம் கண்ணைக் குத்தும், முதுகுப்பக்கம் இருந்தால் திரையில் பளபளக்கும், வீடியோ மீட்டிங்கில் முகம் கறுப்பு நிழலாகத் தெரியும். வாஸ்து பார்த்துக் கிழக்கு ஜன்னலை நோக்கி மேசை போடுபவர்கள் காலை பத்து மணிவரை கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். படிக்க, எழுத மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரே ஒரு 20 வாட் எல்.இ.டி. டியூப் தருவது சுமார் 100 லக்ஸ். மிச்சத்தை ஒரு மேசை விளக்கு தரும்.

வெளிநாட்டுக் கையேடுகள் ஒரு விஷயத்தில் நமக்கு உதவவே உதவா: வெயில். ஐரோப்பிய ஆலோசகர் 'தனியறை' என்று சொன்னவுடன் நம் வீடுகளில் கைகாட்டுவது மொட்டை மாடியில் சும்மா கிடக்கும் ஒற்றை அறையைத்தான். கூரை கான்கிரீட், நான்கு பக்கமும் வெயில். சித்திரையில் அந்தக் கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பிற்பகலிலிருந்து இரவுவரை கீழே இறக்கும். தனிமை கிடைக்கும், மூளை வேலை செய்யாது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் கொஞ்சம் தணியும். அதைவிட எளிது, ஆபீசையே நகர்த்துவது. காலையில் மேற்குப் பக்க அறை குளிர்ச்சி, மதியத்துக்கு மேல் கிழக்குப் பக்க அறை. லேப்டாப், விசைப்பலகை, ஹெட்செட், சார்ஜர் எல்லாம் ஒரு தட்டில் அடங்கினால் வெயிலுக்கு முன்னால் நாம் நடந்துவிடலாம்.

ஏசி போடலாம், கணக்குப் பார்த்துப் போட வேண்டும். ஒன்றரை டன் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்தால், பகலில் ஆறு மணி நேரம், இரண்டு மாதத்தில் 50 வேலைநாள், மொத்தம் 300 யூனிட். நம் மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப்போக விலை ஏறும், 500ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். இந்த 300 யூனிட்தான் பல வீடுகளை அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கிறது. ஆபீசில் நிறுவனம் கட்டிய பில் இது. இன்னொன்று, ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. கதவை மூடி மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் வரும் தூக்கத்துக்குச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

மின்தடைக்கு நாம் பழகியவர்கள். 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் சென்னைக்கு வெளியே பட்ட பாட்டில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்டை அது தாங்குமா? 150 ஏ.ஹெச். பேட்டரியில் பெயரளவுக்கு 1,800 வாட்-மணி இருக்கும். இழப்பு போக 1,100 கிடைத்தால் நல்லது. லேப்டாப், ரவுட்டர், சாதாரண மின்விசிறி மூன்றும் சேர்ந்து 130 வாட். எட்டு மணி நேரம் ஓடும். விசிறி பி.எல்.டி.சி. ரகமாக இருந்தால் அது மட்டும் 75 வாட்டிலிருந்து 30க்கு இறங்கி, பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும். சிக்கல் வேறு இடத்தில் வரும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண நேரத்தில் ரவுட்டர் அணைந்து, மறுபடி உயிர்பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சரியாக அப்போதுதான் கிளையன்ட் பேசிக்கொண்டிருப்பார். ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று இதைத் தீர்க்கும்.

சத்தத்துக்கு முழுத் தீர்வு கிடையாது. காற்றோட்டத்துக்காகத் திறந்து கட்டிய வீடு சத்தத்தையும் உள்ளே விடும். இரைச்சல் குறைக்கும் ஹெட்போன் விசிறி, ஏசி போன்ற சீரான சத்தத்தை விழுங்கும். குக்கர் விசில், மிக்சி, 'கோலமாவே' என்று போகும் குரல் இவற்றிடம் தோற்கும். ஆடி மாத அம்மன் கோயில் ஒலிபெருக்கியிடம் எல்லாமே தோற்கும். டைல்ஸும் வெறுஞ்சுவருமாக இருக்கும் அறையில் நம் குரலே எதிரொலிக்கும்; கனமான திரைச்சீலை, கட்டில் மெத்தை, துணிகள் தொங்கும் கொடி எல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும். வாய்க்கருகில் வரும் மைக் உள்ள ஹெட்செட், லேப்டாப் மைக்கைவிட எப்போதும் மேல்.

எத்தனை செய்தாலும் சில வீடுகளில் ஆபீஸ் அமையாது. இதை ஒப்புக்கொள்ளாமல் வரும் ஆலோசனைகள் வசதியானவர்களுக்கு மட்டுமே. தொலைவிலிருந்து வேலை பார்க்கும் யோசனையை 1973இல் ஆராயத் தொடங்கிய அமெரிக்கர் ஜாக் நில்ஸ், ஆரம்பத்தில் வீட்டுக்குள் ஆபீஸ் வைக்கச் சொல்லவில்லை. ஊழியர்களின் வீடுகளுக்குப் பக்கத்தில் கிளை ஆபீஸ் வைக்கச் சொன்னார். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் செய்திருப்பது ஏறத்தாழ அதுதான். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஊர்களில் 2024இல் திறந்த மினி டைடல் பூங்காக்களும் அந்த வழிதான். அதே ஆண்டு சென்னை கொளத்தூரில் அரசு திறந்த முதல்வர் படைப்பகம் இன்னும் ஒரு படி இறங்கி வந்தது: மேசையும் இணையமும் அமைதியும் உள்ள ஒரு பொது இடம், நடந்து போகும் தூரத்தில். வார்டுக்கு ஒரு நூலகத்தை இப்படி மாற்றினால், தனி அறை இல்லாதவர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

யார் செலவு செய்வது என்ற கேள்வி நம் நாட்டில் இன்னும் தொங்குகிறது. போர்ச்சுகல் 2021இல் சட்டம் போட்டு, வீட்டிலிருந்து வேலை செய்வதால் கூடும் செலவை முதலாளி தரவேண்டும் என்றது. வேலை நேரம் முடிந்தபின் ஊழியரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றும் சேர்த்தது. பிரான்சில் வேலை நேரத்துக்குப் பின் இணைப்பைத் துண்டிக்கும் உரிமை 2017 முதல் நடப்பில் இருக்கிறது. இங்கே பணியில் சேரும்போது கேட்டுப் பெற்றால்தான் உண்டு. கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆபீஸ் நாற்காலி, மின்சாரம், இணையம் மூன்றும் இதுவரை நிறுவனத்தின் செலவாகத்தான் இருந்தன.

கையில் 5,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் நான் செலவழிக்கும் வரிசை இது. முதலில் தனி விசைப்பலகையும் மவுஸும், அடுத்து மைக் உள்ள ஹெட்செட், ரவுட்டருக்கு யு.பி.எஸ்., ஒரு மேசை விளக்கு. ஆசாரிக்குக் கூலி. மீதி இருப்பதை பி.எல்.டி.சி. விசிறிக்குச் சேர்த்து வைக்கலாம். நாற்காலிக்கு அவசரமில்லை, கம்பெனிகள் காலிசெய்த ஆபீஸ்களின் சாமான் விற்கும் பழைய ஃபர்னிச்சர் கடைக்கு ஒரு சனிக்கிழமை போய், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு எடுக்கலாம்.